பணகுடிக் காற்றில் 37 அடி ஆண்டெனாக் கம்பம்: எட்டு ஆடி பார்த்த அனுபவம்

பணகுடிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் விடாது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் ராதாபுரம் பக்கமும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றில்தான் என் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) ஆண்டெனாவும் நிற்க வேண்டும். கம்பம் கட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், கட்டி முடித்த அன்றைக்குப் போட்டோவும் போடுகிறார்கள். எட்டு வருஷம் கழித்து அந்தக் கம்பம் எப்படி இருக்கிறது, எதில் போட்ட காசு வீண், எதில் மிச்சம் பிடித்தது தப்பு என்று யாரும் எழுதிக் காணோம், அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் விழுந்த கம்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016 தை மாதம் நட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் இல்லாமல் போன போர்வெல்லில் இருந்து உருவிய ஜி.ஐ. பைப் பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒன்றரை இஞ்ச், இருபதடி நீளம், இரண்டு பைப்பை சாக்கெட் போட்டு முறுக்கி நாற்பதடி ஆக்கினேன். மூன்று பக்கமும் நைலான் கயிறு கட்டி இழுத்தேன். ஒரு முழு காற்றுக்காலம் தாங்கியது, எனக்கும் தைரியம் வந்துவிட்டது. அடுத்த ஆனியில் ஒரு ராத்திரி சத்தமே இல்லாமல் கிழக்கே சாய்ந்து கிடந்தது. நல்லவேளை அந்தப் பக்கம் வெறும் தரிசு.

ஒடிந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததில்தான் விஷயம் புரிந்தது. சாக்கெட்டுக்குள் முதல் மரை தொடங்கும் இடத்தில் வட்டமாக ஒடிந்திருந்தது. அந்த வட்டத்தில் பாதிக்கு மேல் பழைய துரு, மிச்சம் மட்டும்தான் புதுசாகப் பளபளவென்று இருந்தது. அதாவது அது ஒரே ராத்திரியில் ஒடியவில்லை. மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, கடைசிப் பாதி மட்டும் அன்றைக்குப் போயிருக்கிறது. துண்டைக் கொண்டுபோய்ப் பட்டறையில் காட்டினேன்.

"மரை வெட்டுன எடத்துல பைப்பு கனம் பாதிகூட இருக்காது தம்பி. தண்ணி போறதுக்குத்தான் சாக்கெட்டு, நட்டமா நிக்கதுக்கு இல்ல. உள்ள ஒரு பைப்ப விட்டு எறக்கித் தாரேன், அதுக்குப்பெறவு பாருங்க" என்றார் வெல்டிங் அண்ணாச்சி.

அவர் சொன்னபடி செய்ததுதான் இப்போது நிற்பது. கீழே இரண்டு இஞ்ச் பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) பைப், மேலே ஒன்றரை இஞ்ச், இரண்டும் புதுசு, ஆறு மீட்டர் நீளம். சின்னது பெரியதுக்குள் இரண்டடி இறங்கியிருக்கிறது. இரண்டு இஞ்ச் பைப்பின் உள்வட்டம் 53 மில்லிமீட்டர், ஒன்றரை இஞ்சின் வெளிவட்டம் 48. இந்த ஐந்து மில்லி இடைவெளியில் தகட்டுப் பட்டை சுற்றி இறுக்கி, குறுக்கே இரண்டு போல்ட். மொத்தம் 37 அடி, எடை ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மரையே கிடையாது.

அன்றைய கணக்கு நோட்டில் இருக்கிறது: பைப் 4,200 ரூபாய், ஸ்டே கம்பி (கம்பத்தைப் பக்கங்களில் இழுத்துப் பிடிக்கும் கம்பி), அதன் முனையை மடக்கிப் பிடிக்கும் யூ கிளாம்ப், முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் எல்லாம் சேர்த்து 4,500, குழி வெட்டிக் காங்கிரீட் போட 2,500, வெல்டிங் 1,800, கப்பியும் கயிறும் 900. கிட்டத்தட்ட பதினாலாயிரம். கம்பத்தை விட, கம்பத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு ஆன செலவு அதிகம். எங்கள் ஊர்க் காற்றுக்கு இதுதான் சரியான விகிதம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். உயரம் வேண்டுமே என்று பைப்பில் காசைப் போட்டுவிட்டு ஸ்டேயில் கயிறு கட்டாதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு ஆகும். நைலான் கயிறோ நம்ம வெயிலில் இரண்டே வருஷத்தில் தொட்டால் தூளாக உதிரும்.

ஸ்டே மூன்றா நாலா என்பதில் நான் ரொம்ப நாள் குழம்பினேன். மூன்று போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நிற்கவும் செய்யும். ஆனால் எங்களுக்குக் காற்று நாலு மாதமும் ஒரே திசையில், மேற்கிலிருந்து. மூன்று ஸ்டே வைத்தால் மேற்கே பார்த்து ஒன்றை வைத்தாலும் சரி, காற்றுக்கு இரண்டு பக்கமும் அறுபது டிகிரியில் இரண்டை வைத்தாலும் சரி, ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் வாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நாலாக்கி வடமேற்கிலும் தென்மேற்கிலும் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாரம் எழுபது சதவீதமாகக் குறைகிறது. இன்னொரு வசதியும் உண்டு. அடியில் கீல் வைத்து வடகிழக்கே சாய்க்கிற மாதிரி அமைத்தேன். சாய்க்கும்போது வடமேற்கு, தென்கிழக்கு ஸ்டே இரண்டும் கட்டினபடியே இருந்து கம்பம் பக்கவாட்டில் போகாமல் பிடித்துக்கொள்ளும், தென்மேற்கு ஸ்டேயை மட்டும் விட்டால் போதும். இதற்கு அந்த இரண்டு ஸ்டேயின் நங்கூரமும் (மண்ணில் காங்கிரீட் போட்டுப் புதைத்த பிடி) கீலும் ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டக் குழாயை வாங்கி அரைநாள் அளந்தேன், அந்த அரைநாள் இன்றைக்கும் பலன் தருகிறது.

நங்கூரக் குழி ஒவ்வொன்றும் கம்பத்தில் இருந்து எட்டு மீட்டர் தள்ளி. உயரத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையே என்று கிட்டே வைத்தால் ஸ்டே கம்பத்தைப் பக்கவாட்டில் பிடிப்பதை விடக் கீழ்நோக்கி அமுக்குவதுதான் அதிகமாகும், பைப் வளைந்துவிடும். ஸ்டே இரண்டு தட்டாக, நடுவில் ஒன்று, உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒன்று.

கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை மறந்துவிடாதீர்கள். கரண்டு கம்பி. கம்பம் எந்தப் பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தாலும், அதற்கு மேல் பாதி தூரம் தள்ளியும் மின்கம்பி இருக்கக் கூடாது. தூக்கும்போது கை தவறிக் கரண்டு கம்பியில் சாய்ந்தால் பிடித்திருக்கிற அத்தனை பேருக்கும் உயிர் போகும். அப்படி இடம் இல்லை என்றால் கம்பம் வேண்டாம், இருக்கிற வேப்பமரத்தில் கம்பியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, மேலே என்ன இருக்கிறது? 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு இன்வர்ட்டட் வி, அதாவது நடுவை உச்சியிலும் இரு முனையைத் தாழ்வாகவும் கட்டிய ஒயர் டைபோல், உச்சியில் 144 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சின்ன நெட்டுக்குத்து ஆண்டெனா. அவ்வளவுதான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு இருபது மீட்டர். கொஞ்சம் நீளமாகவே வைத்துக் கட்டி, பிறகு நறுக்கிக்கொண்டு வர வேண்டும். 37 அடி போதுமா, அறுபதாவது வேண்டாமா என்று கேட்பார்கள். 40 மீட்டருக்கு இந்த உயரம் கால் அலைநீளம்தான், அதனால் சிக்னல் பெரும்பாலும் மேல்நோக்கிப் போய்த் திரும்பி நம் தலைக்கு மேலேயே விழும். சென்னை, கோவை, கொச்சி, இலங்கை எல்லாம் பகலில் காதில் விழுகிறது. எனக்கு வேண்டியது அதுதான். ஐரோப்பாவைத் தினமும் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு இது போதாது, ஆனால் அவருக்கு ஆகும் செலவும் வேறு.

ஒயரில் ஒரு தப்புச் செய்தேன். வீட்டு வயரிங் செம்பு ஒயரையே கட்டினேன். அது மிருதுவான செம்பு, காற்று இழுக்க இழுக்க நீளும். ஒரு வருஷத்தில் மொத்தத்தில் ஒரு சாண் நீண்டு, 7.1-ல் இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். பள்ளம் (ஆண்டெனாவில் இருந்து சக்தி திரும்பி வருவது மிகக் குறைவாக இருக்கும் இடம்) 7.02-க்கு இறங்கிவிட்டது. ரேடியோதான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதைக் குடைந்துகொண்டிருந்தேன். இப்போது ஒரு முனை வேலியோரப் பனையில் நிலையாகக் கட்டியிருக்கிறது. பனை லேசில் ஆடாது. மறுமுனை வேப்பமரத்தில், அங்கே நேராகக் கட்டாமல் கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, நுனியில் மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டிருக்கிறேன். மரம் ஆடும்போது டப்பா ஏறி இறங்கும், ஒயர் மேல் இழுவை ஒரே அளவில் நிற்கும். ஆடி மாதம் திண்ணையில் உட்கார்ந்து அந்த டப்பா ஏறி இறங்குவதைப் பார்த்தாலே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இனி பராமரிப்பு. சித்திரை முடிவதற்குள், காற்றுக்கு முன்னால், ஒரு நாள் முழுக்க இதற்கென்று ஒதுக்கிவிடுவேன். தூக்குக்குண்டை இரண்டு பக்கம் பிடித்துக் கம்பம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். யூ கிளாம்ப் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் ஒரு சுற்று. ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப், அதன் சேணம் மாதிரி இருக்கும் பக்கம் பாரம் தாங்கும் நீளக் கம்பியில் உட்கார வேண்டும், வளைந்த யூ பக்கம் வெட்டுமுனையில். பல பேர் மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அப்படிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியை யூ நசுக்கிவிடும். டர்ன்பக்கிளுக்குள் ஒரு கட்டுக்கம்பியைக் கோத்து முடிச்சிட மறக்காதீர்கள். முதல் ஆடியில் நான் போடவில்லை. நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து தென்மேற்கு டர்ன்பக்கிள் தானாகவே கழன்றுகொண்டு வந்து, நான் பார்த்தபோது நாலே நாலு மரைதான் பிடித்திருந்தது. கையால் அதைத் திருகி இறுக்கும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது.

கடல் ஒன்றும் ரொம்பத் தூரம் இல்லை, உப்புக் காற்று ஜி.ஐ.யையும் தின்னும். வெல்டிங் செய்த இடத்தில் முலாம் கருகிப் போயிருக்கும், அங்கேதான் முதலில் துரு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ஜிங்க் பெயிண்ட் அடிக்கிறேன். பைப்பின் தலைக்கு மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை, இரண்டும் கட்டாயம். உச்சியில் போட்ட சாதாரணக் கப்பி மூன்றாம் வருஷம் இறுகிப்போனது, ஸ்டெயின்லெஸ் கப்பி மாற்றிய பிறகு தொந்தரவு இல்லை. ஆண்டெனாவில் இருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் கனெக்டரில் ரப்பர் டேப் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டிருக்கிறேன், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மயில்கள் ஸ்டே கம்பியிலும் ஒயரிலும் வந்து உட்காரும். இரண்டு தடவை ஒயர் அறுந்ததற்கு அதுதான் காரணம். விரட்ட மனசு வராது, ஒயரைத்தான் தடிமனாக மாற்றினேன்.

இடி விஷயத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது. அடியில் எர்த் குழி இருக்கிறது, கோடையில் தண்ணீரும் ஊற்றுகிறேன், ஆனாலும் சித்திரை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுவேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஊரில் கரண்டு போய், கொஞ்ச நேரத்தில் செல்போனும் போனது. பேட்டரியில் ரேடியோவைப் போட்டு 40 மீட்டரில் கேட்டுக்கொண்டிருந்தேன், வெளியூர்க் குரல் ஒன்று காதில் விழுவதே அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. விடிந்து பார்த்தால் தென்கிழக்கு நங்கூரம் மூன்று விரல்கடை மேலே வந்திருந்தது, அந்தப் பக்க ஸ்டே தொய்ந்து கிடந்தது. செம்மண் ஊறினால் பிடிப்பு விட்டுவிடும், நான் போட்ட காங்கிரீட் கட்டி சின்னது. காற்றுக்காலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டவன் மழைக்குப் போடவில்லை. பொங்கலுக்கு முன் அதைத் தோண்டி, ஆழத்தை மூன்றடியில் இருந்து நாலரை அடியாக்கி, கட்டியை இரண்டு மடங்கு அகலமாகப் போட்டேன். மற்ற மூன்றும் இன்னும் பழையதுதான்.

இந்த வருஷம் தென்மேற்கு நங்கூரத்தின் முறை. நங்கூரக் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் நாலு விரல் மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் 16 மில்லி கனம் இருக்கிறது, மண்மட்டத்தில் மட்டும் வெர்னியர் அளவுகோல் 13 காட்டுகிறது. பழசைத் தொடாமல் பக்கத்திலேயே புதுக்குழி வெட்டியாகிவிட்டது. கம்பியை முலாம் பூசக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் காங்கிரீட் போட்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட பிறகுதான் ஸ்டேயை மாற்றிக் கட்டப் போகிறேன். வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.