சவாரிக்குப் போய் முதுகு தேய்த்துவிட்டு வந்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதுகிறவன் அன்றைக்குக் குதிரையில் ஏறவே இல்லை. குதிரைப் பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேங்காய் மூட்டை நிறுக்கும் தராசில் நிற்கச் சொன்னார். 94 கிலோ. "சார், உங்களுக்கு இன்னைக்கு பிரஷ் மட்டும்தான்." குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது, சேணமும் அந்தக் கணக்கில்தான் வரும், இங்கே இருக்கிற பெரிய குதிரையே 400 கிலோதான் என்று அவர் விளக்க விளக்க, என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சரி, அதை விடுங்கள். ஆனால் பணம் வாங்கும்போது போனிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? தலைக்கு 500 ரூபாய். எனக்குப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் நான் கேட்ட பிறகு.

இடம் பூதப்பாண்டி தாண்டி, தாடகை மலையைப் பார்த்த மாதிரி ஒரு தென்னந்தோப்பு. நாகர்கோவிலில் இருந்து அரை மணி நேரம், கடைசியில் கொஞ்ச தூரம் வாய்க்கால் கரை. எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். மொத்தம் நாலே நாலு குதிரைகள். அதில் ஒன்று மார்வாரி, காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அதை விட்டு நகரவில்லை.

சவாரிக்கு முன்னால் குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற வேலையை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். போட்டோவுக்குப் பிடிக்கிற பாவனை என்றுதான் நினைத்தேன், இல்லை, முழுசாக ஒரு மணி நேர வேலை. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாதாம், அதனால் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். முதலில் ரப்பர் சீப்பு, வட்டமாகச் சுழற்றினால் உள்ளே கிடக்கிற மண்ணும் உதிர்ந்த முடியும் மேலே வரும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் அதை வைக்கக் கூடாது, அங்கே வெறும் எலும்பு. அப்புறம் விறைப்பான பிரஷ், கடைசியில் மெத்தென்ற பிரஷ். சேணம் உட்காருகிற இடத்தில் ஒரு மணல் பொடி இருந்தாலும் அது உரசிப் புண்ணாகிவிடும் என்று கூட நின்ற அண்ணாச்சி இரண்டு தடவை கையால் தடவிப் பார்த்தார். பிறகு குளம்பு. காலைத் தூக்கி, கொக்கி மாதிரி ஒரு கருவியால் குதிகாலில் இருந்து முன்பக்கமாக அழுக்கைக் கிளற வேண்டும், நடுவில் முக்கோணமாக இருக்கிற மிருதுவான பகுதியைக் குத்திவிடாமல். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிறதே, குளம்பு ஈரத்திலேயே கிடந்தால் அழுகிப்போகும், அதற்காகத்தான் தினமும் இந்த வேலை.

என் அம்மா இரண்டு பசு வளர்த்தவள். எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தவள், "மாடு பக்கத்தில வீசி உதைக்கும், இது பின்னால உதைக்கும், நீ எங்க நிக்கியோ பாத்து நில்லு மக்களே" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் பிரஷ் அவள் கையில். சேணம் கட்டாத ஒரு குதிரையின் வயிற்றைப் பார்த்து, "இது சினைதானே" என்று கேட்டாள். சினைதான், 11 மாதம் சுமக்குமாம். அண்ணாச்சிக்கு அதன் பிறகு அம்மாவிடம் தனி மரியாதை.

சவாரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோப்புக்குள் இரண்டு சுற்று, கயிற்றைப் பிடித்து ஆள் கூடவே நடக்கிறார், எட்டு நிமிடம் இருக்கும். பெண்ணுக்கு அது போதவில்லை, பையனுக்கு அதுவே அதிகம். ஹெல்மெட் இரண்டே இரண்டு, இரண்டும் பெரியவர் அளவு. பையன் தலையில் துண்டைச் சுற்றி அதன் மேல் கவிழ்த்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. இந்த இரண்டையும் அவசியம் சரி செய்ய வேண்டும்.

நாங்கள் கொண்டுபோன மட்டி வாழைப்பழத்தை, ஒரு குதிரைக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க விடவில்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, கண்டதையும் தின்று வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். அதனால் கேட்காமல் எதையும் நீட்டாதீர்கள். நீட்டினாலும் விரலை மடக்காமல் உள்ளங்கையில் வைத்து. ஊறவைத்த காணம், அதாவது கொள்ளு, அவர்களே தருகிறார்கள்.

போகிறவர்கள் பேண்ட், ஷூ போட்டுக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் வேலியில் தொங்குகிற சாக்கு படபடப்பதற்கே குதிரைகள் மிரள்கின்றன. எட்டு நிமிட சவாரிக்கு 500 அதிகம், அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கலாம். என் சட்டையில் குதிரை வாசனை இரண்டு துவைப்புக்கும் போகவில்லை.