நெல்லில் மரபணு தேட எது நல்லது: ஏசி/டிஎஸ்ஸா, டாஸ்17-ஆ?

நெல்லில் ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதைக் கெடுத்துவிட்டுச் செடி என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள் மரபணுவுக்குள் புகுந்து அதைக் கெடுக்கின்றன. கெட்ட இடத்தில் அடையாளமாகவும் நிற்கின்றன. டாஸ்17, ஏசி, டிஎஸ் எல்லாம் இத்தகைய தாவும் துண்டுகளே.

டாஸ்17 நெல்லுக்கே உரியது. ஜப்பானில் ஹிரோச்சிகாவின் குழு 1996-ல் இதை வெளிப்படுத்தியது. மூலப்படி அசையாது, அதிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகல் மீண்டும் டி.என்.ஏ.வாக மாறி வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். வயலில் உறங்கும் இது திசு வளர்ப்பில் விழிக்கிறது; கண்ணாடிக் குடுவையிலிருந்து செடியாக எழுந்ததும் அடங்கிவிடுகிறது. நிப்பான்பாரே ரகத்தில் இருப்பது இரண்டே படிகள். வளர்ப்புக்குப் பின் ஒரு செடியில் சராசரியாகப் பத்துப் புதுப் படிகள் சேர்கின்றன. அந்நிய மரபணு எதுவும் நுழையவில்லை என்பது பெரிய ஆறுதல். இப்படி ஜப்பானில் சுமார் 50,000 வரிசைகளை, அதாவது தனித்தனிச் செடி வழிகளை, உருவாக்கினார்கள்.

ஆனால் திசு வளர்ப்பே வேறு பிறழ்வுகளையும் உண்டாக்குகிறது. ஒரு குட்டைச் செடி கிடைத்தால், குறை டாஸ்17-ஆல் வந்ததா, வளர்ப்பால் வந்ததா? பெரும்பாலும் வளர்ப்பால்தான். புகுந்த படி வெளியேறுவதும் இல்லை. ஆகவே செடியிடமே விடை கேட்க முடியாது.

ஏசி/டிஎஸ் இங்கேதான் முந்துகிறது. பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் மக்காச்சோளத்தில் கண்டவை இவை. நிற மரபணுவில் டிஎஸ் புகுந்தால் மணி வெளிறிவிடும். ஏசி தரும் நொதியால் ஒரு செல்லில் டிஎஸ் வெளியேறினால், அதன் வழிவந்த செல்கள் ஊதாவாகும். சீக்கிரம் வெளியேறியிருந்தால் புள்ளி பெரிது. தாமதமானால் ஊசிமுனை அளவு. எப்போது போனது என்பதைக்கூட மணியிலேயே படித்துவிடலாம்! நெல்லிலும் டிஎஸ் விலகியபின் செடி பழைய நிலைக்குத் திரும்பினால், அந்த மரபணுவே காரணம் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

விலை உண்டு. செடிக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி வழியாக இவற்றை நெல்லுக்குள் செலுத்த வேண்டும். டிஎஸ் பெரும்பாலும் பக்கத்திலேயே தாவும். சில தலைமுறைகளில் செயலிழந்தும் போகும். ஆனால் ஒரே பகுதியை அலச விரும்புபவருக்கு இந்தக் குறுந்தாவல் வரம்.

புதிய மரபணுக்களைப் பரவலாகத் தேடுபவருக்கு டாஸ்17 வரிசைகளையே சொல்வேன். ஒரு மரபணுவின் மேல் சந்தேகம் விழுந்து, அதை நிரூபிக்க வேண்டியவருக்கு ஏசி/டிஎஸ். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் நுட்பம் வந்தபின், டாஸ்17 சுட்டும் மரபணுவைத் தனியே வெட்டிச் சோதிக்க முடிவதால், அதன் பெரிய குறை பாதியாகக் குறைந்திருக்கிறது.