படகு உறைக்கு அளவெடுப்பது: டேப்பா, பழைய உறையா, பிளாஸ்டிக் தாளா, ஸ்கேனரா?

கித்தான் உறை தொளதொளவென்று தொங்கினால் எல்லாரும் தையல்காரரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு தையலில் இருக்காது. துணியில் கத்தரி படுவதற்கு முன்பே, அளவெடுக்கும்போதே நடந்து முடிந்திருக்கும்.

டேப் பிடித்து அளப்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த வழி. நிறுத்தி வைத்திருக்கும் சின்னப் படகின் மேல் மழைக்கும் தூசிக்கும் போர்த்த ஓர் உறை, அவ்வளவுதான் தேவை என்றால் டேப்பே போதும். மொத்த நீளம், அரை மீட்டருக்கு ஒருமுறை குறுக்களவு, அப்புறம் விளிம்பில் எலாஸ்டிக் கயிறு. ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் அந்தக் கயிறு இழுத்துச் சரிசெய்துவிடும். ஆனால் டேப் தூரத்தைத்தான் சொல்லும், வளைவைச் சொல்லாது. முன்கண்ணாடியின் மூலை பக்கவாட்டிலும் வளையும், மேலிருந்து கீழாகவும் வளையும். அந்த இடத்தை நான்கு எண்களில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வரைந்தால், வரைந்தது ஒன்று, படகில் இருப்பது வேறொன்று.

பழைய உறையைப் பிரித்து அப்படியே வரைந்துகொள்வது அடுத்த வழி. அளவுச் சட்டை கொடுத்துத் தைப்பது மாதிரி எளிதாகத் தெரியும். எனக்கு இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. ஒருவர் கொடுத்த உறையைக் கவனமாகப் பிரித்து, மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுத்துத் தைத்தேன். மாட்டினால் பின்மூலையில் 2 செ.மீ. எட்டவில்லை. விசாரித்தால், பழைய உறையும் எட்டாமல்தான் இருந்திருக்கிறது. சுருங்கிப் போனதால் கடைசி இரண்டு பட்டன்களை மாட்டுவதையே அவர் விட்டிருக்கிறார். ஜிப் ஓரம் சுருங்கியிருக்கும், மூலைகள் இழுபட்டு நீண்டிருக்கும், நடுவில் மழைநீர் தேங்கித் தேங்கிக் குழிந்திருக்கும். பழைய உறை தன் வயதையும் சேர்த்துத்தான் அளவு தருகிறது. தையல் எங்கே வருகிறது, உராயும் இடத்தில் ஒட்டு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க அது நல்ல வழிகாட்டி. அளவுக்கு வேண்டாம்.

நான் எப்போதும் போய் நிற்பது மூன்றாவது வழியில்: பிளாஸ்டிக் தாளைப் படகின் மேலேயே விரித்து மாதிரி எடுப்பது. அதிலும் உள்ளே நூல்வலை ஓடும் விறைப்பான தாள் வேண்டும். வண்ணம் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய தாள் கைபட்டாலே நீளும். நீண்டதை நகலெடுத்தால் உறையும் நீளும். காகிதம் பனி ஈரத்திலேயே நமுத்துவிடும்.

தாளைத் தொடுவதற்கு முன், உறையைத் தாங்கும் குழாய்ச் சட்டகத்தைக் கவனிக்க வேண்டும். வளைகுழாய்களை இழுத்துப் பிடிக்கும் பட்டைகள் தளர்ந்திருந்தால், நாம் மாதிரி எடுப்பது வேறொரு சட்டகத்துக்கு. அவற்றை இறுக்கிவிட்டு, குழாயில் இருபக்க டேப் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தாளை இழுத்து ஒட்டுகிறோம். எங்கே இழுத்தும் சுருக்கம் போகவில்லையோ அங்கே ஒரு தையலோ மடிப்போ வந்தாக வேண்டும் என்று பொருள். விளிம்பு, ஜிப், படகில் பதித்திருக்கும் பட்டன் குமிழ்கள் எல்லாவற்றையும் மார்க்கரால் குறித்து, இரண்டு தாள்கள் சேரும் கோட்டில் ஒரு சாணுக்கு ஒருமுறை குறுக்குக்கோடு போடுகிறோம். தைக்கும்போது கோடும் கோடும் சேர வேண்டும். "முன்", "இடது", "வெளிப்புறம்" என்று எழுதவும் வேண்டும். கடைசிச் சொல்லை மறந்தால், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் எடுத்துவிட்டு மறுபக்கத்துக்குத் திருப்பிப் போடலாமே என்றும் தோன்றும். குழாயைக் கையால் வளைத்துப் பொருத்திய படகில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதன் பலவீனம் காற்று. லேசாக அடித்தாலும் தாள் பாய்மரத்தில் கட்டிய பாய் மாதிரி உப்பிவிடும். இன்னொன்று, தாளிலிருந்து துணிக்கு வரையும்போது சேரும் சின்னத் தவறுகள். 8 துண்டுகள் வரிசையாகச் சேர்ந்தால் 7 தையல். ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசியில் 14 மி.மீ. ஏறக்குறைய ஒரு பிரஸ் பட்டனின் அகலம்.

இந்த இடத்தில்தான் டிஜிட்டல் கருவி ஜெயிக்கிறது. கம்பி முனையால் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளப்பது ஒரு வகை, ஸ்டிக்கர் ஒட்டிப் படம் பிடித்துக் கணிப்பது இன்னொரு வகை. படகில் நிற்கும் நேரம் குறைவு, கோப்பு பத்திரமாக இருக்கும், வெட்டும் இயந்திரம் கோட்டை விட்டு விலகாது. ஒரே மாடல் படகுகளுக்குத் திரும்பத் திரும்பத் தைக்கும் பட்டறைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இரண்டு குழாய்களுக்கு நடுவே இன்னும் துணியே இல்லை. இல்லாததை ஸ்கேனர் எப்படி அளக்கும்? அந்த இடத்தை மென்பொருள் நிரப்பும், எவ்வளவு இழுவை வைப்பது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். தாளைக் கையால் இழுத்துப் பழகாதவர் அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒற்றைப் படகுக்காக இதைக் கற்றுக்கொள்வதும் வீண் வேலை.

எந்த வழியில் எடுத்தாலும் துணியின் குணம் மாதிரியில் இருக்காது. அக்ரிலிக் கித்தான் கொஞ்சம் இழுத்தால் கொடுக்கும், கிராஸாக, அதாவது நெசவுக்கு மூலைவாட்டில் இழுத்தால் இன்னும் கொடுக்கும். பாலியெஸ்டர் அந்த அளவுக்குக் கொடுக்காது. ஒரே மாதிரியை வைத்து இரண்டிலும் வெட்டினால் ஒன்று தளரும், இல்லை மற்றது எட்டாது. உறையின் ஜன்னலுக்குப் போடும், கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் வினைல் தாள் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கொளுத்தும் மதியத்தில் விறைப்பாகப் பொருத்தியதைக் குளிர்ந்த காலையில் மாட்டவே கை வலிக்கும்.

அதனால் பிரஸ் பட்டன்களை மட்டும் பட்டறையில் அடிக்காதீர்கள். தைத்த உறையைப் படகில் போட்டு, நடுவில் முதல் பட்டன், அப்புறம் இடம் ஒன்று வலம் ஒன்று என்று ஓரம் நோக்கிப் போங்கள். மாதிரியில் குறித்த புள்ளி ஓர் ஓரமாகத் தள்ளி நின்றால், குறியை விட்டுவிட்டு குமிழ் இருக்கும் இடத்திலேயே அடியுங்கள்.