கடற்கரை வெயிலில் வாசிக்க: கிண்டிலா, டேப்லெட்டா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: படிக்கப்போவது எழுத்துக் கோப்பா, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பா?

நாவல், கட்டுரை என்றால் அமேசானின் மின்நூல் வாசிப்புக் கருவியான கிண்டில் பேப்பர்ஒயிட்தான். தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் டேப்லெட்டை எடுத்தால் திரையில் நம் முகம்தான் தெரியும். பிரகாசத்தை முழுக்க ஏற்றினால் சூடாகித் தானாகவே மங்கும். கிண்டிலில் இருக்கும் இ-இங்க் (மின்மை) திரையோ வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பிக் காட்டுவது. வெயில் ஏற ஏற எழுத்து துலங்கும். முன்விளக்கைக் குறைத்து, வைஃபையை அணைத்தால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்.

பாம்பன், மண்டபம் பக்கம் பெரிய எதிரி உப்புக்காற்று. முதலில் கெடுவது சார்ஜ் துளை. பேப்பர்ஒயிட் நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும் என்கிறார்கள்; கடல்நீரிலோ 0.25 மீட்டரில் 3 நிமிடம்தான். கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, துளை கீழே பார்க்கச் சாய்த்து உலர விடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் உள்ளே இருக்கும் முனைகள் அரித்துப் பச்சை பூக்கும். சாதாரண டேப்லெட்டுக்கு இந்த அளவு தாங்குதிறனும் கிடையாது.

ஸ்கேன் பிடிஎஃப்பில் கதை வேறு. ஏ4 பக்கம் கிண்டிலின் 7 அங்குலத் திரையில் சுருங்கும்போது தமிழின் சுழிகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பெரிதாக்கி நகர்த்தினால் இ-இங்க் இழுத்தடிக்கும். பழைய நூல்களின் ஸ்கேன், பாடப்புத்தகம், வரைபடம் எல்லாவற்றுக்கும் 10 அங்குல டேப்லெட்டே சரி. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் யூனிகோடு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பக்கங்களை மட்டும் காலிபர் என்ற மென்பொருளில் இ-பப் என்ற மின்நூல் வடிவமாக்கி அனுப்பினால் கிண்டிலில் அருமையாக வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை அப்படி மாற்றப்போனால் தாறுமாறான ஆங்கிலக் குறிகளே மிஞ்சும்.