ஐந்தாவது லேப்பிலும் அதே காரா? வீட்டில் செய்யும் டிராக் மாற்றங்கள், ஒன்றுக்கு ஒன்று

ரேஸ் டிராக்கில் நேர்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுமேல் கால் வைத்த மாதிரி கீழே போய்விட்டது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்த பிறகு மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. சரளைக்கல்லின் விளிம்பில் வண்டி நின்றபோது, அதற்கு முந்தைய மாதம் ஆசையாக மாட்டியிருந்த பளபளப்பான எக்ஸாஸ்ட்தான் நினைவுக்கு வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. இரண்டு வருடமாக பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை.

அன்றிலிருந்து எந்த பாகத்தைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறேன். முதல் லேப்பில், அதாவது டிராக்கின் முதல் சுற்றில், இருப்பது ஐந்தாவது லேப்பிலும் அப்படியே இருக்குமா? நான் செய்தது சரியில்லை என்றால், மறுநாள் கழற்றிப் பழையபடி மாட்ட முடியுமா? சொந்த ஷெட்டில், ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டும் வைத்து வேலை செய்கிறவருக்கு இரண்டாவது கேள்வியும் முதல் கேள்விக்குச் சமம்.

பேச்சுக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்கிறேன். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 2012-இல் வந்த டொயோட்டா 86. இரண்டுமே முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், எடை குறைவு. ஆனால் முன் சஸ்பென்ஷன் வேறு வேறு. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது கீழே வரும்.

பிரேக்: பேடும் ஆயிலுமா, பெரிய பிரேக் கிட்டா?

முதலில் ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ இருக்கும் கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 1.4 மெகாஜூல். நாலரை லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதி வரைக்கும் கொண்டுபோக அது போதும். அதில் பெரும்பகுதியை நான்கு டிஸ்க்குகள் மூன்று நான்கு விநாடிக்குள் வாங்கிக்கொள்கின்றன. அடுத்த வளைவில் மறுபடியும். லேப்புக்கு லேப், ஆற நேரமில்லாமல்.

இந்தச் சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுக்கு மேல் சூடானால் பெடல் கல் மாதிரி இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் தரை வரை போகும். எனக்கு நடந்தது இரண்டாவது. எது நடந்தது என்று தெரியாமல் பாகம் வாங்கினால் காசுதான் கரையும்.

பிரேக் ஆயிலுக்கு டாட் என்ற தரவரிசை உண்டு. டாட் 4 தரத்துக்கு, புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு 155 இருந்தாலே தேர்ச்சி. டாட் 5.1-க்கு இதே எண்கள் 260, 180. பந்தய ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300-ஐத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்ற பெயரைப் பார்த்து 5.1-இன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

சரி, பெரிய டிஸ்க்கும், பேடைப் பிடித்து அழுத்தும் பெரிய காலிப்பரும் சேர்ந்து வரும் பெரிய பிரேக் கிட் என்ன தரும்? பலர் நினைப்பது போல நிற்கும் தூரத்தைக் குறைக்காது. உங்கள் பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டி ஏபிஎஸ்ஸை எழுப்பும் என்றால், அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயர்தான். கிட் தருவது சூடு தாங்கும் கொள்ளளவு. பெரிய டிஸ்க் மெதுவாகச் சூடாகும், சீக்கிரம் ஆறும். அது உண்மையான லாபம். ஆனால் முன்பக்கம் மட்டும் பெரிய காலிப்பர் போட்டால் பிரேக் விகிதம் முன்னால் சாய்ந்து, பின் பிரேக் சும்மா கூட வரும். சில கார்களில் நிற்கும் தூரம் கூடிவிடும். பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் பயணமும் கூடும். பழைய வீல் அந்தக் காலிப்பருக்கு மேல் ஏறாமல் போகலாம்.

எதிர்ப்பக்கம் டிராக் பேட், நல்ல ஆயில், பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஒரு குழாய். பேட் மாற்ற, பெரும்பாலான காலிப்பர்களில் ஒன்றிரண்டு போல்ட்தான், வெள்ளிக்கிழமை சாயங்கால வேலை. இந்தப் பேடுகளின் குறையும் சொல்லிவிட வேண்டும்: சூடாகும் வரை பிடிப்பு சுமார், கத்தும், கறுப்புத் தூள் வீலைத் தின்னும். அதனால் சாலைக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட்.

200 எச்.பி. சுற்றளவில் இருக்கும் காருக்கு என் ஓட்டு பேடுக்கும் ஆயிலுக்கும்தான். அதைச் செய்து, காற்றும் கொடுத்து, அதற்குப் பிறகும் பேட் ஒரே நாளில் தீர்கிறது, டிஸ்க்கில் விரிசல் வருகிறது என்றால் கிட் வாங்குங்கள். அப்போது அது ஆடம்பரம் இல்லை. இன்னொன்று: ஓட்டி முடித்து வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சூடான பேட் டிஸ்க்கை அதே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

சஸ்பென்ஷன்: தாழ்த்தும் ஸ்பிரிங், காயில்ஓவர், அல்லது உயரத்தைத் தொடாமலே

இந்த மூன்றில் தாழ்த்தும் ஸ்பிரிங்தான் அதிகம் விற்கிறது. கார் நின்றிருக்கும்போது அழகாக இருக்கும் என்பது முக்கியக் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

டொயோட்டா 86-இன் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்: மேலே ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும், கீழே மட்டும் ஒரு கை. காரை ரொம்ப இறக்கினால் கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றி உருளுமோ அந்த ரோல் சென்டர், எடைமையம் இறங்கியதைவிட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடக் கூட, வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். தாழ்த்தியதில் கிடைத்ததை ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுத்த கதை. எம்எக்ஸ்-5-இல் நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழும் ஒவ்வொரு கை, இருப்பதால் இந்தத் தண்டனை குறைவு.

அப்புறம் ஷாக். பழைய ஷாக்கின் மேல் குட்டை ஸ்பிரிங் போட்டால், அது அமுங்க மீதமிருக்கும் தூரம் குறைகிறது. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் பல மடங்கு கடினமானதற்குச் சமம், அந்த மூலையின் பிடிப்பு சட்டென்று விடும். ஓட்டுபவருக்கு எச்சரிக்கையே வராது.

காயில்ஓவர் நல்லதாக இருந்தால் இந்தப் பிரச்சினைகளைத் தீர்க்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தி வரும், உயரத்தை நீங்களே வைக்கலாம். "நல்லதாக இருந்தால்" என்பதில்தான் சிக்கல். மலிவான செட்டில் ஷாக்கின் கடினத்தை மாற்றும் திருகில் 32 கிளிக் இருக்கும், திருகத் திருக எதுவும் மாறாது, அல்லது இடதும் வலதும் வேறு வேறாக மாறும். கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: உயரத்தை ஸ்பிரிங் தட்டை இறக்கித்தான் மாற்ற முடியுமா, கீழ் பிராக்கெட்டும் தனியாகத் திருகி இறங்குமா? இரண்டாவது வகையில் ஷாக்கின் பயண தூரத்தைத் தின்னாமல் உயரம் மாற்றலாம்.

மூன்றாவது வழி யாருக்கும் கவர்ச்சியாக இல்லை. உயரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டு, தரமான ஷாக், வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் கொஞ்சம் தடிப்பாக, கூடவே சரியான அலைன்மென்ட். முதல் வருடத்துக்கு நான் சொல்வது இதைத்தான். அலைன்மென்ட் மட்டும் செய்தால்கூட வேறு கார் மாதிரி இருக்கும். சாலைக்கான அமைப்பில் டிராக்கில் ஓட்டிப் பாருங்கள், முன் டயரின் வெளித்தோள் உருகி உருண்டிருக்கும், உள்பக்கம் புத்தம்புதிதாக இருக்கும். முன்னால் 2.5 முதல் 3 டிகிரி வரை எதிர்மறைக் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிய சாய்வு, கொடுத்தால் வளைவில் டயர் முழு அகலத்தையும் தரையில் வைக்கும். எம்எக்ஸ்-5-இல் தொழிற்சாலை தந்த, மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்டுகளைத் திருகியே ஓரளவு கிடைக்கும். 86-இன் முன்பக்கம் அந்த வசதி இல்லை, கேம்பர் போல்ட்டோ மேல்தட்டோ தனியாக வாங்க வேண்டும்.

கேம்பரை மாற்றினால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு, கலையும். அதை அளக்க லேசர் தேவையில்லை. நான்கு ஸ்டாண்டுகளுக்கு நடுவே காரின் இரு பக்கமும் இரண்டு நூல், மையக்கோட்டுக்கு இணையாக. வீலின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளந்தால், வித்தியாசம்தான் டோ. முதல் முறை அரை நாள் போகும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையில் மட்டும் துணிச்சல் வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்தை எடுத்துவிடும். நல்ல கம்ப்ரசர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போங்கள்.

டயர்: 200 எண் டயரா, செமி ஸ்லிக்கா?

டயர் பக்கவாட்டில் உள்ள ட்ரெட்வேர் எண் குறைந்தால் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும் என்பது பொது விதி. ஆனால் அந்த எண்ணை இடுவது டயர் நிறுவனமேதான். எனவே இரண்டு நிறுவனங்களின் 200-ஐ ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது.

200 எண் டயரில் ஓட்டிப் போய், அதிலேயே டிராக்கில் ஓட்டி, அதிலேயே வீடு திரும்பலாம். மழை வந்தாலும் சமாளிக்கும். செமி ஸ்லிக், அதாவது பள்ளங்கள் மிகக் குறைவான டிராக் டயர், நிச்சயமாக வேகம். ஆனால் சூடேற வேண்டும், தேங்கிய தண்ணீரில் மிதந்துவிடும். கூடுதல் பிடிப்பின் சுமையையும் யாராவது சுமக்க வேண்டும்: வீல் பேரிங், ஹப், வளைவில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஒரு மூலைக்கு ஒதுங்கி பம்ப்பைக் காற்றை உறிஞ்ச வைக்கும் இன்ஜின் ஆயில். ஒன்றை மாற்றினால் மூன்றை மாற்ற வைக்கும் பாகம் இது. புதிதாகக் கற்பவருக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. சாதாரண டயர் வழுக்கும் முன் முனகும், மெதுவாக வழுக்கும். செமி ஸ்லிக் அதிக வேகத்தில், குறைந்த முன்னறிவிப்போடு விடும். 86 பல நாடுகளில் 215 மி.மீ. அகல, பிடிப்பு சுமாரான டயரோடு வந்தபோது நிறையப் பேர் சிரித்தார்கள். காரைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

எந்த டயர் என்றாலும் காற்றழுத்தத்தைச் சூட்டில் அளங்கள். 25 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 80 டிகிரியைத் தொடும்போது அது 33-ஐத் தாண்டியிருக்கும். லேப் முடித்து வந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றும் முன், அழுத்தமானியை எடுங்கள்.

எச்.பி. பற்றி, சுருக்கமாக

ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து சில எச்.பி. தரும், நிறைய சத்தம் தரும். சத்த வரம்பு வைத்திருக்கும் டிராக்கில் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். டர்போ நிஜமாகவே வேகம் தரும், கூடவே சூட்டையும் ஏற்றும். முதல் எம்எக்ஸ்-5-இன் இன்ஜின், குறுக்காக வைக்கும் முன்சக்கர ஓட்டக் கார்களின் குடும்பத்திலிருந்து வந்தது. கூலன்ட் முன்பக்கமே நுழைந்து முன்பக்கமே வெளியேறுவதால் கடைசி சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. டர்போ போடுகிறவர்கள் பலர் கூலன்ட் வழியை மாற்றிப் பின்னாலிருந்து எடுப்பது இதனால்தான். டர்போவுக்கும் ஆயில் கூலருக்கும் போட்டி என்றால், தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலரும் நல்ல ரேடியேட்டரும்தான் என் தேர்வு. எடையைக் குறைப்பதில் செலவே இல்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் உருளும் சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

பாதுகாப்பு: முழுதாக அல்லது தொடாமல்

இதில் இரண்டு ஒழுங்கான வழிகள் உண்டு, நடுவில் ஒரு குழி. ஒன்று, கம்பெனி சீட், மூன்று முனை பெல்ட், ஏர்பேக் எதையும் தொடாமல் விடுவது. இவை ஒன்றையொன்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. மற்றது, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையமான ரோல் பார், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பக்கெட் சீட், பந்தய பெல்ட்டான ஆறு முனை ஹார்னஸ், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் என எல்லாவற்றையும் சேர்த்தே போடுவது.

குழி என்றது, ரோல் பார் இல்லாமல் ஹார்னஸை மட்டும் கட்டுவதை. கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால், சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாயக் கொஞ்சம் இடம் உண்டு. ஹார்னஸ் உங்களை நிமிர்த்தியே பிடித்து வைக்கும். தொடைகளுக்கு நடுவே பட்டை இல்லாத நான்கு முனை ஹார்னஸில், மோதும்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடலாம். காருக்குள் கூண்டு மாதிரி வரும் முழு ரோல் கேஜுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு: டிராக்கில் ஹெல்மெட்டோடு அது காப்பு, சாலையில் வெறுந்தலையோடு அது தலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாய்.

எம்எக்ஸ்-5 மாதிரி திறந்த கார் என்றால் பட்டியலில் முதல் பொருளே ரோல் பார். ரோல் பார் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான குச்சியை வையுங்கள், ஹெல்மெட் போட்ட உங்கள் தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். போல்ட் போட்டு மாட்டும் ரோல் பாரை வீட்டில் செய்யலாம், தகட்டின் அடியில் தாங்குதட்டு வைத்தால். வெல்டிங் செய்யும் கேஜ் வீட்டு வேலை இல்லை. ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தரத்தின் மோட்டார்சைக்கிளுக்கான எம் வகை வேண்டாம், கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. வகை வாங்குங்கள். தீயைத் தாங்கும் உள்துணியும், ரோல் பாரில் இடிப்பதற்கான சோதனையும் அதற்குத்தான் உண்டு.

சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியைப் பிரித்து, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது. மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முதல் செஷன் முடிந்து வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், எது நகர்ந்தது என்று கோடே காட்டிவிடும்.