ஸ்பிரெட் கால்குலேட்டர்: திரையில் 1.80, கையிலிருந்து போவது 2.50

ஒரு ஆப்ஷனை வாங்கி இன்னொன்றை விற்கும் கூட்டு வர்த்தகத்துக்கு ஸ்பிரெட் என்று பெயர். டிரேடிங் திரையோடு சேர்ந்தே வரும் ஸ்பிரெட் கால்குலேட்டர்களை நாள்பட்டுப் பயன்படுத்தினால் ஒன்று தெரியும்: கணக்கில் பிழை இருப்பதில்லை, கணக்குக்குள் போகும் விலையில்தான் கோளாறு. இரண்டு ஸ்ட்ரைக்கை (ஆப்ஷன் ஒப்பந்தத்தில் குறித்த விலை) தட்டினால் நிகரச் செலவு, அதிகபட்ச நஷ்டம், லாபம், பிரேக்ஈவன் (லாபமும் நஷ்டமும் இல்லாத விலை) எல்லாம் நொடியில் வந்துவிடும். ஆனால் பல கால்குலேட்டர்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது எல்டிபி, அதாவது கடைசியாகக் கைமாறிய விலை. ஒரு லெக், அதாவது ஸ்பிரெட்டின் ஒரு பக்கம், இப்போதுதான் வர்த்தகமாகியிருக்கும். இன்னொன்று இருபது நிமிடத்துக்கு முன்பு. வேறு வேறு நேரத்து விலைகளைக் கழித்து வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

கால் என்பது குறித்த விலையில் வாங்கும் உரிமை. 100 கால் வாங்கி 105 கால் விற்கும் புல் கால் ஸ்பிரெட்டைப் பார்ப்போம். 100 காலின் பிட் (வாங்குபவர் தரும் விலை) 4.80, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) 5.10, எல்டிபி 4.70. 105 காலின் பிட் 2.60, ஆஸ்க் 2.80, எல்டிபி 2.90. இரண்டு எல்டிபியுமே இப்போதைய பிட், ஆஸ்க்குக்கு வெளியே கிடப்பதைக் கவனிக்கவும். திரை காட்டுவது 1.80. உடனே வாங்க வேண்டுமானால் ஆஸ்க்கில் வாங்கி பிட்டில் விற்க வேண்டும்: 5.10 − 2.60 = 2.50. நடுவிலை 4.95 − 2.70 = 2.25. லாட் (ஒரு ஒப்பந்தத்தில் உள்ள பங்கு எண்ணிக்கை) 100 என்றால் 180 என்று நினைத்து நுழைபவர் 250 கொடுப்பார். பிரேக்ஈவன் 101.80 அல்ல, 102.50. அதிகபட்ச லாபமும் 3.20லிருந்து 2.50க்கு இறங்கிவிடும்.

பல கால்குலேட்டர்கள் எளிதில் காட்டாதது வெளியேறும் செலவு. வாங்கிய மறுநொடியே மூடினால் 4.80 − 2.80 = 2.00தான் கிடைக்கும். போக வர 0.50, லாட்டுக்கு 50. சந்தை அசையாமலே முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஆர்டர் போடும் முன் எழுதிப் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். பிரேக்ஈவன் அதற்குப் பிறகு.

கட்டணம் ஸ்ட்ரைக் இடைவெளி அகலமான ஸ்பிரெட்டில் பெரிதாக உறுத்தாது, குறுகியதில் கடிக்கும். ஒரு லெக்குக்கு 1 என்று வைத்தால், திறக்க இரண்டு, மூட இரண்டு, மொத்தம் 4, அதாவது 0.04 புள்ளி. ஸ்ட்ரைக் இடைவெளி 1, செலவு 0.50 என்ற ஸ்பிரெட்டில் கிடைக்கக்கூடிய லாபமே 0.50. அதில் 8 சதவீதம் கட்டணத்துக்கே போய்விடும். கால் ஸ்பிரெட், புட் (விற்கும் உரிமை) ஸ்பிரெட் இரண்டும் சேர்ந்த அயர்ன் காண்டரில் லெக் நான்கு, எனவே எட்டு முறை கட்டணம்.

ஆர்டரைச் சேர்த்துப் போடும் வசதி இருந்தால் நடுவிலை 2.25ல் லிமிட் (இதற்கு மேல் தரமாட்டேன் என்ற விலை) வைத்து, 2.30, 2.35 என்று ஒவ்வொரு படியாக ஏற்றலாம். மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கே வாங்குவது) வேண்டவே வேண்டாம். தனித்தனியாகத்தான் போட முடியும் என்றால் வாங்கும் லெக் முதலில். விற்பதை முதலில் போட்டால் மூடாத ஷார்ட்டுக்கான (காப்பில்லாமல் விற்றதற்கான) முழு மார்ஜினையும் (பிணைத் தொகை) கேட்கும், அது கணக்கில் இல்லையென்றால் ஆர்டர் நிராகரிக்கப்படும். மூடும்போது தலைகீழ்: விற்றதை முதலில் திரும்ப வாங்க வேண்டும். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் பிட், ஆஸ்க் இடைவெளி விரிந்திருக்கும், அப்போது எடுத்த மதிப்பீடு எதற்கும் உதவாது.

விற்பதில் வரும் தொகை வாங்கும் செலவைவிட அதிகமான கிரெடிட் ஸ்பிரெட்டில் 'வரவு' என்று பச்சை நிறத்தில் ஒளிர்வதைப் பார்த்து மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. இடைவெளி 5, வரவு 1.50 என்றால் ஆபத்தில் இருப்பது 3.50. லாட்டுக்கு 350. லாப விகிதத்தை இதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

விலை பழையதா என்று சந்தேகம் வந்தால் ஒரு குறுக்குச் சோதனை உண்டு. அதே ஸ்ட்ரைக்குகளில் 105 புட் வாங்கி 100 புட் விற்கும் செலவையும் பாருங்கள். எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) அருகில் இருந்தால் இரண்டு ஸ்பிரெட்டின் நடுவிலையும் கூடி ஏறக்குறைய 5 வர வேண்டும். நம் உதாரணத்தில் புட் பக்கம் 2.75 இருக்க வேண்டும். அப்படியில்லாமல் கூட்டினால் 4.40 வருகிறதென்றால் அது இலவசப் பணம் அல்ல, ஏதோ ஒரு விலை செத்துக் கிடக்கிறது.

வாங்கும்படியான கால்குலேட்டர் எது என்றால், ஒவ்வொரு லெக்கின் விலையையும் கையால் மாற்ற விடுவது. வண்ண வரைபடமெல்லாம் அதற்கு அடுத்துதான். இரண்டு லெக்கும் வேறு வேறு நாளில் முடியும் காலண்டர் ஸ்பிரெட்டில் அந்த வரைபடத்தை நம்பவும் கூடாது: அருகிலுள்ள லெக் முடியும் நாளில் தூர லெக்கின் மதிப்பு அன்றைய ஐவியை (ஆப்ஷன் விலையில் பொதிந்த ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு) பொறுத்தது, கால்குலேட்டரோ பெரும்பாலும் இன்றைய ஐவியையே அங்கேயும் வைத்துவிடும்.

பங்காகவே டெலிவரி எடுக்கும் ஆப்ஷன்களில் இன்னொரு பொறி இருக்கிறது. எக்ஸ்பைரியில் விலை 103ல் நின்றால் 100 கால் செயல்படும், 105 கால் காலாவதியாகும். 100 பங்கை 100 வீதம் வாங்க 10,000 தேவை. அதிகபட்ச நஷ்டம் 250 என்று காட்டிய திரையில் இந்தத் தொகை எங்குமே இருந்திருக்காது. அதைத் தவிர்க்க முன்கூட்டியே மூடப் போனால், 0.50 இடைவெளிக் கணக்கு மறுபடி வாசலில் வந்து நிற்கும்.