அறை தேடும் செயலிக்கு மூன்று நட்சத்திரம்

மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. அலுவலகம் பங்சார் சவுத்தில். கெரிஞ்சி எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நாங்கள் இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். "ஏஜெண்ட் பின்னாடி அலையாதீங்கப்பா, இதுலயே எல்லாம் இருக்கு" என்று ஒரு செயலியை என் போனில் இறக்கிக் கொடுத்தாள். பெயர் வேண்டாம். இது மாதிரி நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். மூன்று வாரம் பயன்படுத்தியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரைபடம் நன்றாக இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், மின்கட்டணம் தனியா சேர்த்தா என்பதெல்லாம் அதிலேயே தெரிகிறது. படங்களை மட்டும் நம்ப வேண்டாம். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகூட அதில் கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கிறது.

பதிவு செய்யும்போது பெயர், வயது, வேலைக்கு அடுத்து 'இனம்' வரும். மலாய், சீனர், இந்தியர், மற்றவை. அரசாங்கப் படிவங்களில் பார்த்துப் பழகியதுதானே என்று 'இந்தியர்' என்பதைத் தட்டினேன். கெரிஞ்சி பக்கம் 41 அறைகள் காட்டிக்கொண்டிருந்த திரையில் 6 மிஞ்சின.

நம்ப முடியாமல் அந்த இன ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு அறைக்கு நேராகப் போன் போட்டேன். ஒரு சீனப் பையன் எடுத்தான், மரியாதையான பையன்.

"யார் தங்கப் போறது அங்கிள்?"

"என் மகள்."

"இந்தியனா?"

"ஆமா."

"ஓ... அந்த ரூம் இப்பதான் போச்சு அங்கிள். சாரி."

சாயங்காலம் பார்த்தால் அதே அறை, அதே 700 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, அதே நீலத் திரைச்சீலை. இப்படி நாலு பேரிடம் கேட்ட பிறகுதான் ஃபில்டரின் அருமை தெரிந்தது. போன் காசும் மிச்சம், மானமும் மிச்சம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நான் கொடுக்கும் மூன்று நட்சத்திரத்தில் ஒன்று அதற்குத்தான்.

மிஞ்சிய ஆறில் மூன்றில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்னவென்று ஒரு ஏஜெண்டிடம் கேட்டேன். மெகி வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. கறிவேப்பிலை வாசம் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம்.

நாலாவது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு. சொந்தக்காரர் தமிழர். "வணக்கம்ணே" என்றதும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கண்ணே, நம்ம ஆளுங்களுக்குக் கொடுக்கிறதில்ல. வாடகைய இழுத்தடிப்பாங்க. இதுல 'இந்தியர்'னு கை தவறி டிக் ஆயிருக்கும்." நீங்க யாருங்க என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தப் பேட்டையில்தான் நான் வளர்ந்தேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸில், ஜாலான் ரொசாரியோ பக்கம் எங்கள் வீடு. பக்கத்து வீடு யாழ்ப்பாணத்தார், எதிரே மலையாளி. அங்கே யாரும் இனம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை; வெள்ளைக்காரன் வேலையைப் பங்கு போட்டபோதே இனத்தையும் பங்கு போட்டு வைத்துவிட்டான். அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பிறகு அந்த வீடுகளையே இடித்துவிட்டார்கள். 2010 அக்டோபர் 27ல் அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து அந்தப் பேட்டையை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். வளைவு இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது, சேலை வாங்கலாம், பூ வாங்கலாம். ராத்திரி தங்க இடம் கேட்டால்தான் சங்கடம்.

சட்டம் இல்லையா என்று மைத்துனர் கேட்டார். அரசியலமைப்பின் 8வது பிரிவு இனம் பார்த்துக் குடிமக்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல. கர்ப்பமானதால் வேலை போன விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வீட்டுக்காரரும் தனியார், செயலியும் தனியார். குடிமக்களுக்கான நீல ஐசியை (அடையாள அட்டையை) வைத்துக்கொண்டு ஓட்டுப் போடலாம், அறைக் கதவைத் திறக்க முடியாது.

கடைசியில் அறை கிடைத்தது பந்தாய் டாலாமில், ஒரு மலாய் மாக்சிக் (பெரியம்மா) வீட்டில். அவர் எந்த இனத்தையும் டிக் செய்யவே இல்லை. கேட்டது இரண்டே கேள்வி: மகளுக்கு ராத்திரி வேலையா, பூனை பிடிக்குமா. அடுப்பில் பன்றி கூடாது என்றார், நியாயம்தான். வாடகை 600, முன்பணம் ஒரு மாதம். மற்ற இடங்களில் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 700 வெள்ளி அறைக்கு 2,450 எண்ணி வைக்கச் சொன்னார்கள். மகள் வந்த வாரமே ரசம் தாளித்தாளாம். மாக்சிக் கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்து நின்றாராம்.

அறை தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: 'எந்த இனமும்' என்று இருக்கும் அறைகளுக்கு முதலில் போன் போடுங்கள், முன்பணத்தை அறையை நேரில் பார்த்த பிறகே கட்டுங்கள். இனம் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று செயலிக்காரர்களுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது.

செயலியை இன்னும் அழிக்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மணியடிக்கிறது: 'உங்களுக்குப் பொருத்தமான 6 அறைகள் உள்ளன.'